ரீபூட் வந்தால் பழைய கதை என்ன ஆகிறது? கேனன் தகராறுகளுக்கு ஓர் அறிமுகம்

2009-ல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் வல்கன் கிரகம் அழிகிறது. முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் சொந்த கிரகம் அது. அவருடைய அம்மா அமாண்டாவும் அதோடு போய்விடுகிறார். கதைப்படி அது 2258-ஆம் ஆண்டு. ஆனால் பழைய தொலைக்காட்சித் தொடரில் 1967-ல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், 2267-ல் நடப்பதாகக் கொள்ளப்படும் கதையில், அதே அமாண்டா தன் கணவரோடு ஸ்பாக் வேலை செய்யும் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்கு வருகிறார். இரண்டும் ஒரே உலகத்தில் நடந்திருக்க முடியாது. அப்படியானால் எதைக் கணக்கில் எடுப்பது, பழையதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை என்ன செய்வது? ரசிகர்கள் பல வருடங்களாக மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். புதிதாக உள்ளே வருகிறவருக்கு இந்தச் சண்டை தலையும் வாலும் புரியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அடிப்படைச் சொல்லில் இருந்து தொடங்கலாம். ஒரு கற்பனை உலகத்தில் ‘இதெல்லாம் உண்மையில் நடந்தது’ என்று எடுத்துக்கொள்ளப்படும் கதைகளின் தொகுப்புதான் கேனன். ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகர்களுக்கு இது சுலபமாக இருந்தது. ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 4 நாவல்கள், 56 சிறுகதைகள் உள்ளே. மற்றவர்கள் எழுதிய ஹோம்ஸ் கதைகள் எல்லாம் வெளியே. ஒரே எழுத்தாளர் என்பதால் கோடு போடுவது எளிது. ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ், டாக்டர் ஹூ போன்றவற்றில் நூற்றுக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள். உரிமை கைமாறியிருக்கிறது. தொலைக்காட்சி, சினிமா, நாவல், காமிக்ஸ், வீடியோ கேம் என்று பத்து வழிகளில் கதை பெருகியிருக்கிறது. அங்கே கோட்டை யார் போடுவது?

சட்டப்படி பதில் எளிது: உரிமை யாரிடமோ அவர்கள்தான். ஆனால் அவர்கள் போடும் கோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். எண்டர்பிரைஸின் தலைவர் கேப்டன் கிர்க்கின் நடுப்பெயர் இதற்கு நல்ல உதாரணம். 1966-ல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கிர்க்குக்காக ஒரு கல்லறைக் கல் வருகிறது. அதில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று செதுக்கியிருக்கும். பிறகு அந்த எழுத்து ‘டி’ ஆனது. அது ‘டைபீரியஸ்’ என்பதன் முதலெழுத்து என்று தெரியவந்தது 1974-ல், அனிமேஷன் தொடரில். 1980-களின் பிற்பகுதியில், ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் தரப்பு அந்த அனிமேஷன் தொடரையே கணக்கிலிருந்து தள்ளி வைத்தது. ஆக, அந்த ‘டி’ டைபீரியஸ்தானா என்பதே சந்தேகமானது. 1991-ல் வந்த ஆறாவது படத்தின் நீதிமன்றக் காட்சியில் ‘ஜேம்ஸ் டைபீரியஸ் கிர்க்’ என்று சொன்னதோடு பிரச்சினை தீர்ந்தது. இன்று அந்த அனிமேஷன் தொடரும் மறுபடி உள்ளே வந்துவிட்டது. கல்லறைக் கல்லில் இருந்த ‘ஆர்’ மட்டும் இன்றுவரை அனாதையாக நிற்கிறது.

ஸ்டார் வார்ஸ் வேறு வழியில் போனது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 2000-த்துக்குப் பிறகு ஹோலோக்ரான் என்றொரு தரவுத்தளத்தை வைத்து, கதைகளை அடுக்கடுக்காகப் பிரித்தது. ஜார்ஜ் லூகாஸின் படங்கள் உச்சியில். தொலைக்காட்சித் தொடர் அதற்குக் கீழே. நாவல்களும் காமிக்ஸும் அதற்கும் கீழே. மேலடுக்கில் சொன்னதோடு மோதாதவரை கீழடுக்கும் செல்லும். டாக்டர் ஹூவை எடுத்துக்கொண்டால், 1963-ல் தொடங்கிய அந்தத் தொடருக்கு பிபிசி ஒருபோதும் இப்படியொரு பட்டியலே போடவில்லை. 1967, 1971, 1972 ஆண்டுகளில் வந்த மூன்று கதைகள் அட்லாண்டிஸ் அழிந்ததற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் சொல்கின்றன. தொடர் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி ரீபூட், அதாவது பழைய படைப்பைப் புதிதாக மறுபடி தொடங்குவது. இந்தச் சொல்லை எல்லோரும் ஒரே அர்த்தத்தில் பயன்படுத்துவதில்லை, பாதிச் சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது. நடைமுறையில் அதில் பல வகைகள் உண்டு.

முதலாவது, முழுதாக அழித்து எழுதுவது. 1978-ல் வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவை 2003-ல் ரொனால்ட் டி. மூர் மீண்டும் எடுத்தபோது பழையதன் தொடர்ச்சியாக எடுக்கவில்லை. கப்பலின் பெயர், பாத்திரங்களின் பெயர், துரத்தும் சைலான்கள் என்ற எந்திர எதிரிகள், பூமியைத் தேடும் பயணம், இவை மட்டும் மிஞ்சின. பழையதில் சைலான்களை உருவாக்கியது வேற்றுக்கிரக இனம் ஒன்று, புதியதில் மனிதர்களே. ஸ்டார்பக் என்ற ஆண் விமானி புதியதில் பெண். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் அதை வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். பழைய அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச் பல வருடங்களாகத் தொடர்ச்சிதான் வேண்டும் என்று போராடியவர். 1999-ல் தன் முயற்சியில் ஒரு முன்னோட்டப் படமே எடுத்துக் காட்டினார். அவரே பிறகு புதிய தொடரில் டாம் ஜாரக் என்ற முக்கியமான பாத்திரத்தில் நடித்தார். இங்கே கோபம் இருந்தது, ஆனால் குழப்பம் இல்லை. புதியது பழையதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதால் எதோடு எது மோதுகிறது என்ற கேள்வியே எழவில்லை. தொடர் நன்றாக அமைந்ததும் கோபமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இரண்டாவது, கிளை பிரிப்பது. 2009 ஸ்டார் ட்ரெக் செய்தது இதைத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் கேனன் விவாதத்தின் எல்லா முடிச்சுகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

பழைய கதையின் எதிர்காலத்தில், 2387-ல், ஒரு சூப்பர்நோவா ரோமுலஸ் கிரகத்தை அழிக்கிறது. நீரோ என்ற ரோமுலன் தன் கப்பலோடு ஒரு கருந்துளைக்குள் விழுந்து 2233-ல் வெளியே வருகிறான். எதிரே இருந்த கெல்வின் என்ற கப்பலைத் தாக்குகிறான். கிர்க்கின் அப்பா அங்கேயே இறக்கிறார். அந்தக் கணத்திலிருந்து கதை வேறு பாதையில் போகிறது. பின்னாலேயே விழுந்த முதிய ஸ்பாக், அதாவது பழைய தொடரின் அதே லெனர்ட் நிமோய், 2258-ல் வந்து சேர்கிறார். படக்குழு சொன்னது இதுதான்: பழைய உலகம் அப்படியே தனியாக இருக்கிறது, இது அதிலிருந்து முளைத்த இன்னொரு கிளை. 2016 வாக்கில் இதற்குக் கெல்வின் டைம்லைன் (காலக்கோடு) என்ற அதிகாரபூர்வப் பெயரும் வந்தது. அமாண்டா பழைய கிளையில் 2267-ல் கப்பலுக்கு வருகிறார், புதிய கிளையில் 2258-ல் இறக்கிறார். இரண்டும் செல்லும்.

கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை, அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முதல் கேள்வி: ஸ்டார் ட்ரெக்கில் இதற்கு முன் யாராவது இறந்தகாலத்தை மாற்றினால் நிகழ்காலமே மாறிவிடும். 1967, 1990 ஆண்டுகளில் வந்த புகழ்பெற்ற அத்தியாயங்களும், 1996 படமும் அப்படித்தான். அதைச் சரிசெய்யப் பாத்திரங்கள் உயிரைக் கொடுத்துப் போராடுவார்கள். இந்த ஒரு தடவை மட்டும் ஏன் அழியாமல் கிளை பிரிகிறது? இதற்குப் பதில் சொன்னவர்கள் 1993-ல் வந்த ஓர் அத்தியாயத்தைக் காட்டினார்கள். அதில் வொர்ஃப் என்ற க்ளிங்கான் இன அதிகாரி பல இணை உலகங்களுக்குள் தாவுகிறார், ஆயிரக்கணக்கான எண்டர்பிரைஸ் கப்பல்கள் ஒரே இடத்தில் குவிகின்றன. ஆக, இரு தரப்புக்கும் கேனனிலேயே ஆதாரம் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. கிளை பிரிந்தது 2233-ல் என்றால், அதற்கு முன் இருந்ததெல்லாம் இரண்டு கிளைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கெல்வின் கப்பல் தாக்கப்படுவதற்கு முன்பே கட்டப்பட்டது. கிர்க்கின் அப்பா அதில் 800 உயிர்களைக் காப்பாற்றினார் என்று படமே சொல்கிறது. பழைய தொடரிலோ, அதற்கு முப்பது வருடங்கள் பிந்தைய, விண்படையின் பெருமைக்குரிய எண்டர்பிரைஸிலேயே சுமார் 430 பேர்தான். முந்தைய காலக் கப்பல் எப்படி இவ்வளவு பெரிதாக இருந்தது?

2013 படத்தில் இதே ஓட்டை பெரிதாகத் திறந்தது. அதன் வில்லன், பழைய கதைகளில் வந்த கான்தான் என்பதை வெளியீட்டுக்கு முன் படக்குழு மறைத்தே வைத்திருந்தது. கான் 1990-களிலேயே உறைநிலைக்குப் போனவன். கிளை பிரிவதற்கு இருநூறு வருடங்களுக்கு மேல் முன்பே பிறந்தவன். 1967-லும் 1982-லும் ரிக்கார்டோ மொண்டல்பான் நடித்த அதே ஆள். பழைய அத்தியாயம் அவனை வட இந்தியாவைச் சேர்ந்தவன், ஒருவேளை சீக்கியனாக இருக்கலாம் என்று சொல்கிறது. அவன் எப்படி வெள்ளைக்கார ஆங்கிலேயன் முகத்தோடு, பெனடிக்ட் கம்பர்பேட்சாக எழுந்து நிற்கிறான்? காமிக்ஸ் ஒன்றில் விடை வந்தது: எழுப்பியவர்கள் அறுவை சிகிச்சையில் அவன் முகத்தை மாற்றிவிட்டார்களாம். ஆனால் ஸ்டார் ட்ரெக்கில் காமிக்ஸ் கேனன் கிடையாது. ஓட்டை இருப்பது கோட்டுக்கு உள்ளே, ஒட்டு இருப்பது வெளியே. இந்தியப் பாத்திரத்துக்கு இந்திய முகம் கிடைக்கவில்லையே என்ற வருத்தமும் இதில் கலந்திருந்தது. அதை டைம்லைன் விளக்கம் எதுவும் தீர்க்காது.

2016 படத்தில் எண்டர்பிரைஸை ஓட்டும் சூலுவுக்கு ஆண் துணையும் ஒரு மகளும் இருப்பது காட்டப்பட்டது. முதல் சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கே தானே ஒருபாலீர்ப்பாளர். இருந்தும் ராடன்பெரி படைத்த பாத்திரத்தை மாற்ற வேண்டாம், புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கலாமே என்றார். படத்தின் இணை எழுத்தாளர் சைமன் பெக் மரியாதையோடு மறுத்தார். நீரோவின் வருகை காலத்தில் முன்னும் பின்னுமாக அலைகளை அனுப்பியிருக்கலாம், ஆகவே 2233-க்கு முந்தையவையும் மாறியிருக்கலாம் என்று ஒரு விளக்கமும் தந்தார். இந்த ஒற்றை விளக்கம் கெல்வின் கப்பலின் அளவு, கானின் முகம் எல்லாவற்றையும் ஒரே அடியில் சரிசெய்துவிடுகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் ‘2233 வரை இரண்டும் ஒன்று’ என்ற பழைய உறுதிமொழி கலைந்துவிடுகிறது. ரீபூட்டில் சொல்லப்படும் விளக்கங்களின் பொதுவான சிக்கல் இது: எவ்வளவு அதிகமாக விளக்குகிறதோ அவ்வளவு அதிகமாக விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை, பிடிக்காததைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவது. 2019-ல் வந்த டெர்மினேட்டர் படம் 1984, 1991 படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இடையில் வந்த மூன்றையும் விட்டுவிட்டது. புதிதாகப் பார்க்கிறவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை, எந்தப் படத்துக்கு எது முன்கதை என்று தெரிந்தால் போதும்.

நான்காவது வகைதான் மிகக் கசப்பான சண்டைகளைக் கொண்டுவருகிறது. ரீபூட் இல்லை, பழையதன் தொடர்ச்சிதான் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றுவது. 2017-ல் வந்த ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரி, கிர்க் காலத்துக்குப் பத்து வருடம் முன்னால், அதே பழைய டைம்லைனில் நடப்பதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கப்பலுக்குள் எல்லாம் கிர்க்கின் கப்பலைவிட நவீனமாக இருந்தது. பூஞ்சை வலைப்பின்னல் வழியாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் விண்வெளியில் எங்கும் போகும் இயந்திரம் ஒன்று இருந்தது. பிற்காலக் கதைகளில் யாரும் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. ஸ்பாக்குக்கு ஒரு வளர்ப்புச் சகோதரி வந்தார். 2019-ல் இரண்டாம் பருவத்தின் முடிவில் கப்பலையே 900 வருடங்களுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, இதைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்று பாத்திரங்களையே முடிவெடுக்க வைத்தார்கள். பேட்டில்ஸ்டார் போல ‘இது வேறு’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த இரண்டு வருட இழுபறியே தேவைப்பட்டிருக்காது. மாற்றத்தின் அளவைவிட, சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்பதுதான் ரசிகர்களை அதிகம் உறுத்துகிறது.

இதோடு ஒப்பிட்டால் லூகாஸ்ஃபிலிம் 2014 ஏப்ரல் 25 அன்று செய்தது வலி மிகுந்தது, ஆனால் நேர்மையானது என்றே சொல்ல வேண்டும். 2012-ல் டிஸ்னி கைக்குப் போன நிறுவனம் புதிய படங்களுக்கு வழிவிட, அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ், கேம்கள் அனைத்துக்கும் ‘லெஜண்ட்ஸ்’ என்ற முத்திரை குத்தியது. ஆறு படங்களும் க்ளோன் வார்ஸ் என்ற அனிமேஷன் படைப்பும் மட்டும் நின்றன. அன்றிலிருந்து வருகிறவை, நாவலானாலும் தொடரானாலும், ஒரே அடுக்கு. ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு ஒரே உதாரணம் போதும்: 1999-ல் வந்த நாவல் ஒன்றில், படங்களின் நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவின் கூட்டாளி சூபாக்கா இறந்துவிடுகிறார். அதை வைத்துக்கொண்டு 2015 படத்தில் அவரை எப்படி ஹான் சோலோ பக்கத்தில் உட்கார வைப்பது? ஆனால் டிமதி ஜான் 1991-ல் எழுதிய நாவலில் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் புத்தகங்களோடு வாழ்ந்தவர்களுக்கு அது சாதாரண இழப்பில்லை. ஜான் படைத்த த்ரான் என்ற தளபதியை 2016-ல் ரெபெல்ஸ் தொடரில் திரும்பக் கொண்டுவந்தபோது பழைய வாசகர்கள் கொண்டாடியதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கிரகப் போர்வீரர்களான க்ளிங்கான்களின் நெற்றி ஒரு தனிக் கதை. 1967-ல் அவர்கள் பழுப்புச் சாயம் பூசிய, நெற்றி வழவழப்பான மனிதர்கள். ஒப்பனைக்கு அவ்வளவுதான் பணம். 1979 படத்தில் நெற்றியில் எலும்பு மேடுகள் வந்தன. ‘எப்போதும் அப்படித்தான், அன்று காட்ட முடியவில்லை’ என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். 1996-ல் ஒரு அத்தியாயம் பழைய காட்சிகளுக்குள்ளேயே புதிய பாத்திரங்களை அனுப்பியது. வழவழ நெற்றிக்காரர்களைப் பார்த்தவர்கள் வொர்ஃபிடம் என்னவென்று கேட்க, வெளியாட்களிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துக்கொண்டார். நல்ல நகைச்சுவை, ஆனால் அந்த வித்தியாசம் கதைக்குள்ளேயே நிஜம் என்று பதிவாகிவிட்டது. 2005-ல் இரண்டு அத்தியாயங்கள் செலவழித்து, மரபணுச் சோதனையில் கிளம்பிய வைரஸ் என்று காரணம் சொன்னார்கள். 2017-ல் டிஸ்கவரி முடியில்லாத, இன்னொரு மாதிரி தலைகளைக் கொண்டுவந்தது. 2023-ல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் மறுபடி பழைய மேடுகளுக்கே திரும்பியது. இப்படிப் பின்னால் வந்து முன்கதைக்குப் புது அர்த்தம் கொடுப்பதை ரெட்கான் என்பார்கள். தோற்றத்துக்கு ரெட்கான் தேடாமல் விட்டுவிடுவதே நல்லது. ஒப்பனையும் செட்டும் அந்தந்தக் காலத்துப் பணத்தையும் தொழில்நுட்பத்தையும் பொறுத்தவை.

‘இது கேனனை உடைக்கிறது’ என்று யாராவது சொன்னால் எப்படிச் சோதிப்பது? முதலில் அந்தத் தகவல் எங்கே வந்தது என்று பாருங்கள்: திரையிலா, நாவலிலா, எழுத்தாளர் பேட்டியிலா? ஸ்டார் ட்ரெக்குக்கு மெமரி ஆல்ஃபா விக்கி திரையில் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாவல், காமிக்ஸ், கேம் எல்லாம் மெமரி பீட்டாவில் இருக்கும். ஸ்டார் வார்ஸுக்கு வூக்கீபீடியாவில் ஒரே பாத்திரத்துக்கு ‘கேனன்’, ‘லெஜண்ட்ஸ்’ என இரண்டு பக்கங்கள் இருக்கும். தவறான பக்கத்தைப் படித்துவிட்டு வாதாடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். அடுத்து, காட்சியில் நடந்ததா, ஒரு பாத்திரம் வாயால் சொன்னதா? பாத்திரங்கள் பொய் சொல்லலாம், தவறாக நினைத்திருக்கலாம். பிறகு, அது உண்மையிலேயே முரணா, இதுவரை சொல்லாமல் விட்டதா? ஸ்பாக் தனக்குச் சகோதரி இல்லை என்று எங்கும் சொன்னதில்லை. 1989 படத்தில் சைபாக் என்ற அண்ணன் திடீரென முளைத்ததும் இப்படித்தான். ஆகவே அது முரண் இல்லை; பொருத்தமாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கடைசியாக, கிளை பிரிந்த ரீபூட் என்றால் அந்தச் சம்பவம் பிரிவுப் புள்ளிக்கு முன்னா பின்னா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கோபம் தீரவில்லையென்றால், அது பெரும்பாலும் தேதிக்கும் தகவலுக்கும் சம்பந்தப்பட்டதாக இருக்காது. ‘என் கிர்க் இப்படிச் செய்யமாட்டான்’ என்ற உணர்வு அது. அதைக் கேனன் மீறல் என்று பெயரிட்டு வாதாடினால் எதிராளி ஒரு அத்தியாய எண்ணைக் காட்டி வாயடைத்துவிடுவார். பாத்திரத்தின் குணம் கெட்டுவிட்டது என்று நேரடியாகவே சொல்லி, காட்சியைக் காட்டி வாதிடுவது வலுவானது. அதேபோல, பிடிக்காத படத்தை ‘இது கேனனே இல்லை’ என்று சொல்லாதீர்கள். மோசமான படமும் கேனனில் இருக்கலாம். பிடித்ததை மட்டும் மனதில் தனியே வைத்துக்கொள்வதற்கு ஹெட்கேனன் என்று பெயர். அதில் எந்தத் தவறும் இல்லை, அதை மற்றவர்மேல் திணிக்காதவரை.

காலமே கேனனை உடைப்பதும் உண்டு. 1967 கான் அத்தியாயத்தில், 1990-களில் கானைப் போன்றவர்களின் மரபணுப் போர்கள் நடக்கும் என்று எழுதினார்கள். 1990-கள் வந்தன, போயின, போர் நடக்கவில்லை. 2023-ல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸின் ஓர் அத்தியாயம் 21-ஆம் நூற்றாண்டு டொரோண்டோவில் கானைச் சிறுவனாகக் காட்டியது. இதெல்லாம் 1992-லேயே நடந்திருக்க வேண்டியது, காலப் பயணிகளின் தலையீட்டால் தள்ளிப்போய்விட்டது என்று எதிரணி உளவாளி ஒருத்தி சலித்துக்கொள்கிறாள். பழைய அத்தியாயத்தை அழிக்காமல், பார்வையாளரின் உலகத்தோடும் ஒட்ட வைத்த வேலை அது. நம் கணிப்பில், சமீபத்திய ரெட்கான்களில் மிகக் கச்சிதமானது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பேட்டில்ஸ்டாருக்கு 2003 குறுந்தொடரில் தொடங்குங்கள், 1978 தேவையில்லை. ஸ்டார் ட்ரெக் 2009 படத்தைத் தனியாகவே பார்க்கலாம், ஆனால் முதிய ஸ்பாக் வரும் காட்சியின் கனம் தெரிய வேண்டுமென்றால் 1967 கான் அத்தியாயத்தையும் 1982 படத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். 2013 படத்தின் இறுதிக் காட்சிகள் அந்த 1982 படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவை. அதைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் ரசிகர்கள் எதற்காகக் கொதித்தார்கள் என்பதே விளங்காது. டிஸ்கவரியை மூன்றாம் பருவத்திலிருந்து தொடங்கினாலும் கதை புரியும். த்ரானைப் பிடித்துப்போனால் 1991 நாவலைத் தயங்காமல் வாங்குங்கள். அட்டையில் லெஜண்ட்ஸ் என்று போட்டிருக்கும், உள்ளே கதை அப்படியேதான் இருக்கிறது.